பல்லக்காவின் பக்கம்

தெருவில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பொய்ப்பல் செய்கிற அக்கா என்பது சொல்லிச் சொல்லித் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. புதிதாகக் கேட்கிறவர்கள் பல்லக்கு என்று நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களின் பல்லை அவள் பார்ப்பாள். பார்த்த மாத்திரத்தில் அந்த ஆளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள். அந்த முடிவு பெரும்பாலும் நல்லதாக இருக்காது.

வயது நாற்பத்தாறு. கல்யாணப் பேச்சு நான்கைந்து முறை வந்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்ததுமே அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பல்லுக்காக அல்ல, பேச்சுக்காக. அக்கா வீட்டு மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தாள். கீழே அக்காவும் அக்காவின் கணவரும். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அத்தான் என்ன வேலை பார்த்தார் என்பது நீண்ட கதை. அதற்குப் பிறகு வருவோம்.

அவளுடைய பட்டறை ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்க அறை. முன்பு அங்கே ஜெனரேட்டர் இருந்தது. இப்போது மாவுத் தூசியும் மெழுகு வாசனையும் ராவுகிற மோட்டாரின் இரைச்சலும் இருந்தன. பல் போன வாயின் அச்சு அவளிடம் வரும். அதில் ஜிப்சம் மாவுக் கரைசலை ஊற்றி அந்த வாயை அப்படியே மேஜையில் எழுப்புவாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடுவாள். பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் ஈறு நிறப் பசையை அடைத்து, வேகவைத்து, ராவி, மெருகேற்றுவாள். மயிரிழை உயரம் கூடினால் போட்டவருக்குத் தாடை வலிக்கும். மயிரிழை குறைந்தால் சோறு மெல்ல முடியாது. இருபத்திரண்டு வருடமாக இந்த மயிரிழையோடுதான் அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மருத்துவர். அவருக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் வெள்ளைக்கோட்டு. பல்லைப் பொருத்திக் கண்ணாடியை நீட்டி அவர் கேட்பது மெல்லிய சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்கும்.

"எப்படி இருக்கு, நான் செஞ்சது?"

நான் செஞ்சது. இருபத்திரண்டு வருடம் இதைக் கேட்டும் அவள் சும்மா இருந்தாள். வெள்ளைக்கோட்டு பல் செய்ததாகச் சொல்வது, தபால்காரர் கடிதம் எழுதியதாகச் சொல்வது மாதிரி. போகட்டும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு ஆளோடு போய்விடுகிற பொய்தானே என்று விட்டுவிட்டாள்.

ஆனால் ஒருநாள் வரவேற்பில் இருக்கிற பெண் கணினியைத் திருப்பிக் காட்டினாள். மருத்துவமனைக்குப் புதிதாக இணையதளம் திறந்திருந்தார்கள். அதில் 'டாக்டரின் கைவண்ணம்' என்று ஒரு பக்கம். எட்டுப் பல்செட்டுகளின் படம். ஏழு அவளுடையவை. எட்டாவது எங்கிருந்தோ எடுத்துப் போட்ட வெளிநாட்டுப் படம். மனிதப் பல்லாகவே தெரியவில்லை, குளியலறை ஓடு மாதிரி இருந்தது.

"நல்லாருக்கில்ல அக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"ரொம்ப" என்றாள் பல்லக்கா. அன்று மதியம் அவள் ராவிய செட்டில் ஒரு கடைவாய்ப்பல் ஓட்டையாகிவிட்டது. அப்படி அவளுக்கு அதற்கு முன் நடந்ததே இல்லை.

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொன்னாள்: "எனக்கும் ஒரு வெப்சைட் வேணும்."

அக்கா பதில் சொல்வதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "உனக்கெதுக்கு? பல்லு என்ன ஆன்லைன்லயா கடிக்கும்?"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அவருடைய முன்பற்கள் இரண்டும் பல்லக்கா செய்தவைதான். அவற்றைக் காட்டிச் சிரித்தே அவர் ஊரில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்.

இனி அத்தானின் வேலையைப் பற்றிச் சொல்லிவிடலாம். முதலில் தட்டச்சுப் பயிலகம் நடத்தினார். எல்லோரும் கணினிக்கு மாறினார்கள். அப்புறம் வீடியோ கேசட் கடை வைத்தார்; சிடி வந்தது. சிடிக்கு மாறினார், அதுவும் போனது. எந்தத் தொழில் சாகக் கிடக்கிறதோ அதை மோப்பம் பிடித்து உள்ளே நுழைவதில் அவருக்குத் தனித் திறமை இருந்தது. கடைசியாக ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், கணினிப் பயிற்சி மையம் திறந்திருந்தார். வாசலில் பலகை: 'ஆறே வாரத்தில் உங்கள் சொந்த இணையதளம்.' பதினாறு நாற்காலி, பதினோரு கணினி. பதினொன்றில் இரண்டு பார்வைக்கு மட்டும்.

"அவர்கிட்டயே கத்துக்கயேன்டி" என்றாள் அக்கா. "வீட்டு ஆளு. வெளிய எங்கயோ போறதுக்கு..."

அக்கா எதையும் கேட்காதவள். அவள் ஒன்று கேட்கும்போது மறுக்க மனம் வரவில்லை. பல்லக்கா சேர்ந்தாள்.

வகுப்பில் அத்தான் டை கட்டியிருந்தார். வீட்டில் பனியனோடு செய்தித்தாளால் முதுகு சொறிகிற மனிதர், அங்கே ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். திரையில் இருப்பதை அப்படியே வாசித்தார். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த எவரும் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கலாம். பல்லக்காவுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது, இவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அப்படித் தெரியாதவரிடம் உட்கார்ந்திருக்கிற மற்ற பதினைந்து பேரும் குனிந்து குறிப்பெடுத்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. 'வணக்கம்' என்று அவர் சொன்னதைக்கூட ஒருத்தி எழுதிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி ஓட்டுநர். முழங்காலில் அடிபட்டு ஆறு மாதம் வண்டி எடுக்கக்கூடாது என்று வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். அவளைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். மேல்வரிசையில் பாதி இல்லை. இருந்த பாதி கறை. பேசும்போது காற்று ஒழுகும். அவர் வாயைப் பார்த்த கணமே பல்லக்கா அவரைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டாள். தன் வாயையே கவனித்துக்கொள்ளாத ஆள் என்னத்தைப் படிக்கப்போகிறான்.

போதாததற்கு அவர் கேள்வி வேறு கேட்டார்.

"சார், இந்தப் பக்கத்துக்கான கோட்ல 'ஹெட்'னு இருக்கே, அது எதுக்கு சார்?"

"ஹெட்னா தலை. கீழ 'பாடி' இருக்குல்ல? உடம்புக்கு மேல தலை இருக்கணுமா வேணாமா?" என்றார் அத்தான்.

"அது சரி சார். தலையில எழுதுறது திரையில வரமாட்டேங்குதே, ஏன்?"

"உங்க தலையில இருக்கிறது வெளிய தெரியுதா?"

வகுப்பே சிரித்தது. பல்லக்காவும் சிரித்தாள். அத்தான் சொன்னது பதிலே இல்லை என்று தெரிந்துதான் சிரித்தாள்.

மூன்றாம் வாரம் எல்லோருக்கும் அத்தான் ஒரு தயார்ப் பக்கத்தைக் கொடுத்தார். மேலே நீலப் பட்டை, நடுவில் சூரியன் மறைகிற படம், கீழே 'என்னைப் பற்றி'. அதில் பெயரை மட்டும் மாற்றினால் போதும். 'எனக்குப் புத்தகம் படிப்பது பிடிக்கும்' என்று ஒரு வரி அதிலேயே இருந்தது. பதினாறு பேரில் பதினோரு பேர் அதைக்கூட மாற்றவில்லை. எல்லோருடைய சூரியனும் ஒரே கடலில் மறைந்தது.

லாரிக்காரர் மறுபடியும் கையைத் தூக்கினார். "சார், இத நான் வெளியூர்ல நின்னுக்கிட்டு போன்ல திறந்தா வருமா?"

"முதல்ல கமாவை ஒழுங்கா வைங்க. அப்புறம் வெளியூர் போகலாம்."

மறுபடி சிரிப்பு. இந்த முறை பல்லக்காவின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அடுத்த வாரத்திலிருந்து லாரிக்காரர் வரவில்லை. மண்டையில் ஏறவில்லை போலிருக்கிறது, ஓடிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளோ நீலப் பட்டையைக் கழற்றினாள், சூரியனைத் தூக்கிப் போட்டாள், தான் செய்த செட்டுகளின் படங்களை வரிசையாக வைத்தாள். மற்றவர்கள் வியந்து பார்த்தார்கள். ஆறாம் வார முடிவில் சான்றிதழ் கொடுத்தார்கள். தங்க நிறக் கோடு போட்ட அட்டை. நடுவில் 'உங்கள் இணையதள முகவரி' என்று அச்சடித்திருந்தது. அது 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கி அவள் கொடுத்த சொல்லில் முடிந்தது.

மறுநாள் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவமனை வரவேற்புக்குப் போனாள். வாழ்க்கையில் அவள் பீற்றிக்கொள்ளப் போன ஒரே நாள் அது. வரவேற்புப் பெண் முகவரியைத் தட்டினாள். வெள்ளைக்கோட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்தார்; அவரும் குனிந்து பார்த்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். வரவில்லை. வெள்ளைத் திரையில் சிறிய எழுத்தில் ஏதோ மன்னிப்பு மட்டும் கேட்டிருந்தது.

"நல்லாருக்கும்மா" என்றார் வெள்ளைக்கோட்டு. "சும்மா வெள்ளை வெளேர்னு. பல்லு மாதிரியே இருக்கு."

அவள் பட்டறைக்குத் திரும்பிப் போய் மோட்டாரை ஓடவிட்டாள். ராவுவதற்கு ஒன்றும் இல்லை. சும்மா ஓடவிட்டாள்.

சாயங்காலம் அத்தான் பனியனுக்குத் திரும்பியிருந்தார்.

"அத்தான், அந்த அட்ரஸ் வெளிய திறக்கமாட்டேங்குது."

"எந்த வெளிய?"

"உங்க கிளாஸ் ரூமைத் தவிர எல்லா வெளியவும்."

அவர் கொஞ்சம்கூட அசையவில்லை. "அது பேசிக் கோர்ஸ். வெளிய திறக்க வைக்கிற ஹோஸ்டிங் எல்லாம் அட்வான்ஸ் கோர்ஸ்லதான் வரும்."

"அட்வான்ஸ் கோர்ஸ் எப்போ?"

"பிளான் பண்ணிட்டிருக்கேன்."

இவர் ஏமாற்றுகிறாரா, இல்லை, நிஜமாகவே இவருக்கும் தெரியாதா என்று அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏமாற்றினால் குறைந்தபட்சம் ஒரு விஷயமாவது தெரிந்திருக்கிறது என்று மதிக்கலாம். அந்த முகத்தில் அதுகூட இல்லை.

அவளாகவே தேடிப் படித்தாள். லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'இதே கணினி' என்று அர்த்தமாம். வீடு எங்கே என்று கேட்டவரிடம் 'நீங்க நிக்கிற இடம்தான்' என்று சொல்லுகிற முகவரி. பதினைந்து பேர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். பதினைந்துதான், பதினாறு அல்ல என்று அப்போது உறைத்தது. லாரிக்காரர் சான்றிதழ் வாங்க வரவே இல்லை. வெளியூரிலிருந்து திறந்தால் வருமா என்று கேட்டாரே, அந்த ஆறு வாரத்தில் அந்த அறையில் யாராவது கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அதற்குத்தான் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வகுப்பின் வாட்ஸப் குழுவில் அவர் எண் இருந்தது. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மூன்றாம் நாள் கூப்பிட்டாள்.

"நான்... கிளாஸ்ல பக்கத்துல உக்காந்திருந்தேனே..."

"பல்லு மேடமா? சொல்லுங்க மேடம்."

"நீங்க ஏன் பாதியில நின்னுட்டீங்க?"

"அன்னைக்கு சார் பதில் சொல்லலைல்ல? நான் படியிறங்கி சைக்கிள் கடை வாசல்ல நின்னு போன்ல போட்டுப் பாத்தேன். வரல. மாடியில இருக்கிறது வாசலுக்கே வரல, வெளியூருக்கு எங்க வரப்போகுதுன்னு நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நானா நோண்டி நோண்டி ஒண்ணு போட்டுட்டேன். அனுப்புறேன், பாருங்க."

அவர் அனுப்பிய முகவரியைத் திறந்தாள். பச்சைத் தரையில் மஞ்சள் எழுத்து, கண்ணைக் குத்தியது. நடுவில் ஒரு லாரி இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருந்தது. நெடுஞ்சாலைகளில் லாரியை நிறுத்தித் தூங்க எங்கே நிழல் உண்டு, எங்கே குழாயில் தண்ணீர் வரும், எங்கே டீசல் திருடுவார்கள் என்று ஊர் ஊராகப் பட்டியல். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அவள் வீட்டு மாடியில், அவள் போனில், ஒரே தட்டலில் திறந்தது. அதற்குக் கீழே எழுபது எண்பது ஓட்டுநர்கள் கருத்தும் எழுதியிருந்தார்கள்.

"இத எங்க வச்சிருக்கீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பேரு ஒரு எடத்துல வாங்கணும் மேடம். எடம் இன்னொரு எடத்துல பிடிக்கணும். அப்புறம் அந்தப் பேரு இந்த எடத்தைக் கை காட்டணும். அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதானுக்குள் எவ்வளவு இருந்தது என்று அடுத்த இரண்டு மாதத்தில் அவள் தெரிந்துகொண்டாள். பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினாள். காலையில் பட்டறைக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம். பாடக் காணொளிகளைப் பார்த்தாள். அதில் வருகிற இளைஞர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருந்தார்கள். "ரொம்ப சிம்பிள்" என்பார்கள். சிம்பிளாக இல்லாத இடம் வந்ததும் "இத நான் ஏற்கெனவே பண்ணி வச்சிருக்கேன்" என்று தாண்டிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் பதினான்கு முறை 'சிம்பிள்' சொன்ன ஒருவனை அவள் அறவே வெறுத்தாள். வகுப்பறையில் அத்தான் ஒருவர்தான் என்று நினைத்திருந்தாள். உலகம் முழுக்க அத்தான்களாக இருந்தார்கள்.

ஆனால் பக்கத்தை உருவாக்க எழுதுகிற நிரல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு குறியை மூட மறந்தால் அதற்குக் கீழே உள்ள எழுத்தெல்லாம் தடித்துப்போகும். ஒரு மேற்கோள்குறி விட்டுப்போனால் பாதிப் பக்கம் காணாமல் போகும். அது யாரையும் பார்த்துப் பல்லிளிப்பதில்லை. 'நான் செஞ்சது' என்று சொல்லிக்கொள்வதில்லை. தப்பு என்றால் தப்பு. மயிரிழைக்குப் பழகிய அவள் கண்ணுக்கு அது இதமாக இருந்தது.

அதற்காக அவள் முட்டாள்தனமே பண்ணவில்லை என்று சொல்ல முடியாது. பெயரை வாங்கி, இடத்தைப் பிடித்து, கை காட்டச் சொல்லிவிட்டு உடனே திறந்து பார்த்தாள். வரவில்லை. அந்த மாற்றம் உலகமெங்கும் போய்ச் சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும் என்று அந்த நிறுவனத்தின் பக்கத்தில் எழுதியிருந்தது. அவள் படிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அழித்து வேறு மாதிரி போட்டாள். ஐந்து நாள் இப்படி. வேகவைத்த செட்டை ஆறவிடாமல் திறந்து திறந்து பார்க்கிற கற்றுக்குட்டியை அவள் என்ன திட்டு திட்டியிருப்பாள்! ஆறாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். ஏழாம் நாள் அதுவாகவே திறந்தது.

எழுத்தெல்லாம் வந்தது, படம் ஒன்றுகூட வரவில்லை. பல் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கட்டம். அவள் கணினியில் வருகிறது, வெளியே வரவில்லை. நான்கு நாள் வரி வரியாகத் தடவிப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு லாரிக்காரரைக் கூப்பிட்டாள்.

"படத்துப் பேரு கடைசியில வர்ற இங்கிலீஷ் எழுத்து பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, பாருங்க மேடம். கேமரா பெரிய எழுத்துல போடும், நாம சின்னதுல எழுதியிருப்போம். நம்ம மெஷின் கண்டுக்காது. அங்க இருக்கிறது ரொம்பக் கறார்."

அதேதான். மயிரிழை பார்க்கிற கண்ணுக்கு முன்னால் நான்கு நாளாக அது கைகட்டி நின்றிருக்கிறது. நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

தளத்தில் இரண்டு பக்கங்கள் இருந்தன. முதல் பக்கம் 'நான் செய்தவை'. இருபத்திரண்டு வருடத்தில் தேர்ந்தெடுத்த நாற்பது செட்டுகள், ஒவ்வொன்றிலும் என்ன சிக்கல் இருந்தது, எப்படித் தீர்ந்தது என்ற குறிப்போடு. இரண்டாவது பக்கம் 'இவற்றைப் பல் என்று சொல்லாதீர்கள்'. பழுதுபார்க்க அவளிடம் வந்த மோசமான செட்டுகள். யார் செய்தது, யார் போட்டது என்று எதுவும் கிடையாது. படமும் அவளுடைய வசையும் மட்டும். 'சோப்புக்கட்டியில் கோடு கிழித்தது.' 'இதை மாட்டிக்கொண்டு சிரித்தால் வீட்டு நாய் குரைக்கும்.' 'செய்தவர் மனித வாயைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கக்கூடும்.'

முதல் பக்கத்தைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். இரண்டாவது பக்கம் ஒரே மாதத்தில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டது. மனிதர்கள் எதை விரும்பிப் படிப்பார்கள் என்பது பற்றி அவளுக்கு ஏற்கெனவே உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. அதனால் அவள் ஆச்சரியப்படவில்லை.

ஒரு நாள் வெள்ளைக்கோட்டு பட்டறைக்கே வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அந்த அறைக்குள் நுழைந்தது மூன்றாவது முறை. கையில் போன்.

"என்னம்மா இது? ஒன்பதாவது படம். 'பல் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு ராவியிருக்கிறார்கள்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா டாக்டர். கண்ணை மூடிக்கிட்டுத்தான் ராவியிருக்காங்க."

"இது என் பேஷண்டோடது. உயரமா இருக்குன்னு சொன்னாரு, நான்தான் கொஞ்சம் குறைச்சேன்."

"அப்படியா? நான் யார் பேரும் போடலையே டாக்டர். நீங்கதான் சொல்றீங்க, நான் செஞ்சதுன்னு."

வெள்ளைக்கோட்டின் முகம் போன போக்கை அவள் நிதானமாகப் பார்த்தாள். அவர் திரும்பிப் போனார். இரண்டு வாரம் அவளுக்கு வேலை அனுப்பவில்லை. அந்த இரண்டு வாரத்தில் தளத்தைப் பார்த்துவிட்டு வேறு மூன்று மருத்துவர்கள் கூப்பிட்டார்கள். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மருத்துவமனையின் முன்வாசலைக் கண்டுகொள்ளாமல் நேரே பின்கதவைத் தட்டி, "படத்துல இருக்கிற பல்லு செஞ்சவங்க நீங்கதானே?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் வெள்ளைக்கோட்டின் அச்சுகள் மறுபடி வரத் தொடங்கின. 'டாக்டரின் கைவண்ணம்' பக்கத்திலிருந்து ஏழு படங்கள் காணாமல் போயிருந்தன. குளியலறை ஓடு மட்டும் தனியாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

இத்தோடு நின்றிருந்தால் அவளுக்கு எல்லாம் வெற்றிதான். அத்தான் விடவில்லை. மையத்தின் வாசலில் புதிய பலகை ஏறியது: 'எங்கள் மாணவி உருவாக்கிய இணையதளம்.' கீழே அவள் தளத்தின் படம் பெரிதாக. புதிய வகுப்புக்குச் சேர்க்கை என்று போட்டிருந்தது.

"வந்து ரெண்டு வார்த்தை பேசு" என்றார் அத்தான். "மோட்டிவேஷனா இருக்கும்."

"போய்ட்டு வாயேன்டி" என்றாள் அக்கா.

அவள் போனாள். பதினெட்டுப் பேர், பதினாறு நாற்காலி. அத்தான் டையோடு அவளை அறிமுகப்படுத்தி, தான் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லி, கைதட்டல் வாங்கிக் கொடுத்தார். அவள் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் போனை எடுங்க. அந்தச் சுவத்துல போன தடவை படிச்சவங்க சர்டிபிகேட்டோட காப்பி மாட்டியிருக்கு பாருங்க, அதுல இருக்கிற எந்த அட்ரஸை வேணும்னாலும் போட்டுத் திறந்து பாருங்க."

தட்டினார்கள். ஒன்றும் திறக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னோடது திறக்கும்" என்றாள். "ஏன்னா அதை நான் இங்க கத்துக்கல."

அத்தான் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று தொடங்கினார். பன்னிரண்டு பேர் எழுந்து போனார்கள். ஆறு பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: "சர்டிபிகேட் குடுப்பீங்கல்ல சார்?" பல்லக்கா அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். மனித குலத்தின் மேல் அவளுக்கு மிச்சமிருந்த கொஞ்சநஞ்சமும் அந்தப் படியில் உதிர்ந்தது.

அக்கா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் மாடி ஏறி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியாடி?"

"என்னது?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. இருபத்தஞ்சு வருஷம் அந்தாளோட குடும்பம் நடத்துறேன். கேசட்டும் தெரியாது, சிடியும் தெரியாது. கம்ப்யூட்டர் மட்டும் தெரியவா போகுது?"

"அப்ப என்னை ஏன் அங்க அனுப்புன?"

"நீ ஒருத்தி போனா அவரு பயந்துபோயாவது நாலு விஷயம் படிப்பாருன்னு நினைச்சேன்." அக்கா கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். "வீட்ல சொல்லியிருக்கலாமே. பதினெட்டுப் பேரு முன்னாடி எதுக்கு? உனக்கு அவங்க மேல அக்கறை எல்லாம் கிடையாது. ஜெயிக்கணும். அவ்வளவுதான் உனக்கு."

பல்லக்காவுக்குப் பதில் தயாராக இருந்தது. வீட்டில் சொன்னால் பலகை இறங்கியிருக்குமா என்று கேட்டிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. அக்கா சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பாதி என்று பார்க்க அவள் விரும்பவில்லை.

மையம் மூடவில்லை. அந்த விஷயத்தில் அவள் கணக்கு தப்பாயிற்று. இரண்டு மாதம் கழித்து அத்தான் நிஜமாகவே அட்வான்ஸ் கோர்ஸ் தொடங்கினார். பாடம் நடத்த லாரிக்காரரைச் சம்பளத்துக்கு வைத்தார். அந்த யோசனை அக்காவுடையது என்று பிறகு தெரிந்தது. பல்லக்கா லாரிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அந்தாளுகிட்டயா வேலைக்குப் போறீங்க? வெக்கமா இல்ல?"

"ஆறு மாசம் தாண்டியும் முட்டி சரியாகல, வெக்கப்பட்டா சரியாகுமா மேடம்? சாரு டை கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. உள்ள வரமாட்டேங்குறாரு. எனக்கு அது போதும்."

அவர் வகுப்பில் யாராவது ஒரு பக்கம் செய்து முடித்தால் எல்லோரையும் தெருவுக்கு இறக்கிவிடுவாராம். சைக்கிள் கடை வாசலில் நின்று அவரவர் போனில் திறந்து காட்டினால்தான் அடுத்த பாடம். இருபது பேர் வெயிலில் நின்றுகொண்டு போனைக் குத்துவதை அவ்வழியே போகும்போது அவள் பார்த்தாள். பச்சைத் தரையில் மஞ்சள் எழுத்து. எல்லோருக்கும் அதே பச்சை. ஆனால் திறந்தது.

அத்தானோடு அவள் இப்போதும் அதிகம் பேசுவதில்லை. அக்கா அவளோடு பேசுகிறாள், பழையபடி இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லக்கா தளத்துக்கு வருகிற கடிதங்களைப் படிக்கிறாள். பெரும்பாலானவை உப்புப்பெறாதவை. பொய்ப்பல்லோடு விசில் அடிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போன மாதம் ஏதோ ஒரு ஊரிலிருந்து தொழிலுக்குப் புதிதாக வந்த ஒருவர் தான் முதன்முதலாகச் செய்த செட்டைப் படமெடுத்து அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். பல்லக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். 'கேவலம்' என்று பதிலைத் தொடங்கினாள். பிறகு ஏன் கேவலம் என்று வரிசையாக எழுதினாள். பதினொரு குறைகள். ஒவ்வொன்றையும் எப்படிச் சரிசெய்வது என்று தன் மேஜையில் செய்துபார்த்துப் படமெடுத்து வைத்தாள். முழு ஞாயிற்றுக்கிழமையும் அதிலேயே போயிற்று.

இரண்டு வாரத்தில் அடுத்த செட்டின் படம் வந்தது. அதுவும் கேவலம்தான். குறைகள் எட்டு.